சரக்கு போய்ச் சேர்ந்தாயிற்று, பணம் எங்கே?

புழலில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். எண்ணூர்ப் பக்கமுள்ள ஒரு தொழிற்சாலையிலிருந்து, ஸ்டோர்ஸுக்கு இரும்பு ரேக் செய்து தர முடியுமா என்று கேட்கிறார்கள். முதலாளி கொட்டேஷன் அனுப்புகிறார். நான்கு நாளில் மின்னஞ்சலில் பர்ச்சேஸ் ஆர்டர் வந்துவிடுகிறது. வேலை முடிந்து, மாதவரம், மணலி வழியாக லாரி போய்ச் சரக்கை இறக்கிவிட்டும் வந்தாயிற்று. பில் 10 லட்சம் ரூபாய். அறுபது நாளில் பணம் என்று பேச்சு. எட்டு மாதம் ஆகிறது. பர்ச்சேஸில் கேட்டால் அக்கவுன்ட்ஸைக் கேளுங்கள் என்கிறார்கள். அக்கவுன்ட்ஸில் கேட்டால் ஸ்டோர்ஸிலிருந்து ஓ.கே. வரவில்லை என்கிறார்கள்.

இந்தக் கட்டத்தில் அந்த முதலாளி வக்கீலிடம் போய் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "நாங்க ஸ்டாம்ப் பேப்பர்ல அக்ரிமென்ட் எதுவும் போடலியே சார், கேஸ் நிக்குமா?"

நிற்கும். அந்தக் கவலை தேவையில்லை. அவர் கவலைப்பட வேண்டியது வேறு சில காகிதங்களைப் பற்றி. பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தைப் படித்தாரா? டெலிவரி சலானில் யாருடைய கையெழுத்து இருக்கிறது? சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு எந்தத் தேதியில் எடுத்தார்? பில் போட்டு எத்தனை ஆண்டு ஆகிறது? சிறு நிறுவனங்கள் பணத்தை இழப்பது சட்டம் தங்கள் பக்கம் இல்லாததால் என்று நான் நினைக்கவில்லை. சட்டம் கேட்கும் காகிதம் அந்தந்த நாளில் வாங்கி வைக்கப்படாததால்தான் இழக்கிறார்கள்.

ஒப்பந்தம் எந்த நொடியில் பிறக்கிறது

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ஆம் ஆண்டுச் சட்டம். அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. புழல் ஏரித் தண்ணீர் வாய்க்கால் வழியாகக் கீழ்ப்பாக்கம் போய்ச் சென்னை நகரத்துக்குக் கிடைக்கத் தொடங்கியதும் அதே 1872-இல்தான். ஏரிக்கரையில் தொழில் செய்பவர்கள் அந்த ஆண்டை இரண்டு காரணத்துக்காக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அந்தச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு கேட்பது கொஞ்சம்தான். இரண்டு தரப்பும் மனமொத்துச் சம்மதித்திருக்க வேண்டும். ஒப்பந்தம் செய்யும் தகுதி அவர்களுக்கு இருக்க வேண்டும். ஒருவர் தருவதற்கு ஈடாக இன்னொருவர் ஏதாவது தர வேண்டும். நோக்கம் சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். எழுத்தில் இருக்க வேண்டும், முத்திரைத்தாளில் இருக்க வேண்டும் என்று பொதுவான கட்டாயம் எதுவும் அங்கே இல்லை. சில வகைப் பத்திரங்களுக்கு மட்டும் வேறு சட்டங்கள் அதைக் கேட்கின்றன. குடோனை ஓராண்டுக்கு மேல் குத்தகைக்கு எடுத்தால் பத்திரப் பதிவு கட்டாயம் என்பது ஓர் உதாரணம். சரக்கு வாங்குவதற்கும் விற்பதற்கும் அப்படி ஒன்றும் இல்லை.

நம் பட்டறைக் கதையில் ஒப்பந்தம் எப்போது பிறந்தது? கொட்டேஷன் ஒரு முன்மொழிவு. அதை மறுபக்கம் அப்படியே, எந்த மாற்றமும் நிபந்தனையும் இல்லாமல் ஏற்றால்தான் ஒப்பந்தம் என்கிறது 7-ஆம் பிரிவு. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கொட்டேஷனில் 30 நாளில் பணம் என்று எழுதியிருக்கும். வந்த பர்ச்சேஸ் ஆர்டரில் 60 நாள் என்று இருக்கும். பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில், தாமதமானால் வாரத்துக்கு இத்தனை சதவீதம் பிடித்தம், தகராறு வந்தால் மும்பையில் நடுவர் மன்றம் என்றெல்லாம் இருக்கும். இது உங்கள் கொட்டேஷனை ஏற்றதாக ஆகாது. அவர்கள் உங்களுக்கு வைக்கும் புதிய முன்மொழிவு அது. அதற்குப் பதில் எதுவும் எழுதாமல் நீங்கள் கம்பியை வெட்ட ஆரம்பித்துவிட்டால், 8-ஆம் பிரிவின்படி வேலையைத் தொடங்கியதே சம்மதமாகிவிடும். பின்பக்கத்தில் உள்ளது எல்லாம் உங்களைக் கட்டுப்படுத்தும். படிக்கவில்லை என்று பிறகு சொல்வது எடுபடாது.

ஆகவே ஆர்டர் வந்த அன்றே இரண்டு வரி மின்னஞ்சல் போதும்: "உங்கள் ஆர்டர் கிடைத்தது. பணம் செலுத்தும் காலம், பிடித்தம், நடுவர் மன்றம் ஆகியவை தொடர்பான நிபந்தனைகள் எங்கள் கொட்டேஷனில் உள்ளபடி இருக்கும் என்ற அடிப்படையில் வேலையைத் தொடங்குகிறோம். ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கவும்." இப்படி எழுதினால் ஆர்டர் கைநழுவிவிடுமோ என்று பயம் வருவது இயல்பு. பெரிய நிறுவனங்களின் பர்ச்சேஸ் பிரிவில் இருப்பவர்களுக்கு இது அன்றாடம் வரும் கடிதம்தான். பேசுவார்கள், பாதிக்கு இறங்கி வருவார்கள். கேட்காதவருக்குத்தான் எதுவும் கிடைக்காது.

மின்னஞ்சலில் பேசி முடித்தது ஒப்பந்தமா என்ற சந்தேகம் இருப்பவர்கள் டிரைமெக்ஸ் - வேதாந்தா வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2007 அக்டோபரில் டிரைமெக்ஸ் இன்டர்நேஷனல் என்ற துபாய் நிறுவனம் ஆஸ்திரேலியாவிலிருந்து பாக்சைட் தருவதாக வேதாந்தா அலுமினியத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியது. சில மின்னஞ்சல்கள் போய் வந்தன. ஐந்து கப்பல் சரக்குக்குச் சம்மதம் என்று வேதாந்தாவிடமிருந்து பதிலும் வந்தது. அதை நம்பி டிரைமெக்ஸ் கப்பலுக்கு ஏற்பாடு செய்துவிட்டது. அதற்குப் பிறகு வேதாந்தா பின்வாங்கியது. முறையான ஒப்பந்தப் பத்திரத்தில் இன்னும் கையெழுத்தாகவில்லை, ஆகவே ஒப்பந்தமே இல்லை என்பது அதன் வாதம். 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. தீர்ப்பு எழுதியவர் நீதிபதி பி. சதாசிவம், ஈரோடு மாவட்டத்துக்காரர், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போனவர், பின்னாளில் தலைமை நீதிபதி ஆனவர். விலை, அளவு, சரக்கு, பணம் தரும் முறை ஆகிய முக்கியமானவை பேசி முடிந்துவிட்டால் ஒப்பந்தம் உருவாகிவிட்டது. பிறகு பத்திரம் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தது அதைக் கெடுக்காது என்றார். கோடிக்கணக்கான டாலர் பாக்சைட்டுக்கு உள்ள அதே நியாயம் 10 லட்சம் ரூபாய் ரேக்குக்கும் உண்டு.

வாட்ஸ்அப் செய்தியும் சான்றாகும். ஆனால் அச்சடித்து நீட்டினால் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, அந்தச் செய்தி எந்தக் கருவியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதற்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும். ஆகவே ஃபோனை மாற்றும்போது பழைய செய்திகளை அழித்துவிடாதீர்கள். வேலையை விட்டுப் போகும் சூப்பர்வைசரின் சொந்த ஃபோனில் மட்டும் ஆர்டர் விவரங்கள் இருப்பது இன்னும் ஆபத்து. ஃபோனில் வாயால் பேசி முடித்ததுகூட ஒப்பந்தம்தான். சம்மதம் எந்த ஊரில் காதில் விழுந்ததோ அந்த ஊரில் ஒப்பந்தம் உருவானதாக 1960-களிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை நிரூபிப்பதுதான் பாடு. பேசி முடித்த கையோடு, பேசியதை ஒரு மின்னஞ்சலாக எழுதி அனுப்பிவிட்டால் அந்தப் பாடும் தீர்ந்தது.

எதிர்த்தரப்பு யார் என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். போர்டில் 'இன்டஸ்ட்ரீஸ்' என்று இருக்கும். அது தனிநபர் தொழிலா, கூட்டு நிறுவனமா, பிரைவேட் லிமிடெட்டா என்பது போர்டில் தெரியாது. அவர்களுடைய ஜி.எஸ்.டி. எண்ணைப் போட்டுப் பார்த்தால் சட்டப்படியான பெயர் வந்துவிடும். தனிநபர் தொழிலென்றால் அவருடைய சொந்தச் சொத்தும் கடனுக்குப் பொறுப்பு. பிரைவேட் லிமிடெட் என்றால் பொதுவாகக் கம்பெனியின் சொத்து மட்டும்தான். ஒரே குடும்பத்துக்கு மூன்று கம்பெனி இருக்கும். ஆர்டர் ஒரு பெயரில், பில் இன்னொரு பெயரில், பணம் மூன்றாவது கணக்கிலிருந்து வரும். பணம் வந்துகொண்டிருக்கும்வரை இது யாருக்கும் உறுத்தாது. நின்றுபோனால், யார்மீது வழக்குப் போடுவது என்பதிலேயே ஓராண்டு போய்விடும்.

சேலத்துக்காரர் வென்ற கதை

எந்த ஊர் நீதிமன்றம் என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கே இந்தியா முழுவதும் மேற்கோள் காட்டப்படுகிறது. சேலத்தின் ஏ.பி. ஏஜென்சிஸ் என்ற நிறுவனம் 1974-இல் குஜராத்தின் ஏ.பி.சி. லாமினார்ட் நிறுவனத்திடம் ஜரிகை நூல் வாங்க ஒப்பந்தம் செய்தது. 5,000 பாபின், ஒன்றுக்கு 35 ரூபாய். தகராறு வந்தது. சேலத்துக்காரர்கள் முன்பணப் பாக்கியும் நஷ்ட ஈடும் கேட்டுச் சேலம் சார்பு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: இந்த விற்பனை தொடர்பான எந்தத் தகராறும் கைரா நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது என்று. அதைக் காட்டி, இங்கே வழக்கு செல்லாது, குஜராத்துக்கு வாருங்கள் என்றது நூல் கம்பெனி.

சார்பு நீதிமன்றம் அதை ஏற்றது. சென்னை உயர் நீதிமன்றம் மாற்றியது. 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சேலத்துக்காரர்கள் பக்கமே நின்றது. அந்த வரியில் 'மட்டும்' என்றோ 'வேறெங்கும் இல்லை' என்றோ எதுவும் இல்லை. வழக்குக்கான காரணத்தில் ஒரு பகுதி சேலத்திலும் நடந்திருக்கிறது. ஆகவே சேலத்திலும் வழக்குப் போடலாம். சேலத்து வியாபாரி சொந்த ஊரிலேயே வழக்கை நடத்த முடிந்தது அந்த ஒரு சொல் விடுபட்டதால்.

இதை மட்டும் படித்துவிட்டு நம்பி இருந்துவிடக் கூடாது. 2013-இல் ஸ்வஸ்திக் கேஸஸ் - இந்தியன் ஆயில் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறு விதமாகப் பார்த்தது. ஸ்வஸ்திக் ஜெய்ப்பூர் நிறுவனம். ஒப்பந்தத்தில் கொல்கத்தா நீதிமன்றம் என்று இருந்தது. 'மட்டும்' என்ற சொல் அதிலும் இல்லை. ஆனால் இரு தரப்பும் ஓர் ஊரைப் பெயர் சொல்லிக் குறித்ததே மற்ற ஊர்களை விலக்கத்தான் என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. இப்போது அந்தப் பார்வைதான் நிற்கிறது. எனவே ஆர்டரில் மும்பை என்றோ குருகிராம் என்றோ இருந்தால், சொல் விடுபட்டிருக்கிறதா என்று தேடுவதில் பயனில்லை. வேலை தொடங்கும் முன்பே சென்னை என்று மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். இரு தரப்பும் சேர்ந்தாலும், அந்த வியாபாரத்தோடு சம்பந்தமே இல்லாத ஓர் ஊர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுத்துவிட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நடுவர் மன்றத்துக்கும் இதே கவனம் வேண்டும். நடுவரை எங்கள் மேலாண்மை இயக்குநரே நியமிப்பார் என்று பழைய ஆர்டர் படிவங்களில் இன்றும் அச்சாகி வருகிறது. வழக்கின் முடிவில் அக்கறையுள்ள ஒருவர் தனி நடுவரைத் தானே நியமிக்க முடியாது என்று 2019 நவம்பரில் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படிப்பட்ட வரி உங்கள் ஆர்டரில் இருந்தால் தைரியமாக ஆட்சேபிக்கலாம். நடுவர் மன்ற ஒப்பந்தத்துக்கு முத்திரைக் கட்டணம் செலுத்தாவிட்டால் அது செல்லாது என்று 2023 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது; அதே டிசம்பரில் ஏழு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, அது சரிசெய்யக்கூடிய குறைதான் என்றது. கட்டணத்தையும் அபராதத்தையும் கட்டிவிட்டால் ஆவணம் உயிர்பெறும்.

கேட்டில் வாங்கும் கையெழுத்து

லாரி தொழிற்சாலை வாசலில் நிற்கிறது. டிரைவர் கையில் டெலிவரி சலான் மூன்று பிரதி, இன்வாய்ஸ், ஈ-வே பில். செக்யூரிட்டி வாங்கிப் பார்த்து, உள்வரவு நோட்டில் எழுதி, சலானில் நேரமும் கேட் முத்திரையும் போடுகிறார். உள்ளே எடைமேடை. பிறகு ஸ்டோர்ஸில் இறக்குகிறார்கள். ஸ்டோர்ஸ்காரர் சலானின் மூன்றாம் பிரதியில் ஒரு கிறுக்கல் போட்டுக் கொடுக்கிறார். பெயர் இல்லை, பதவி இல்லை. சில சமயம் 'பரிசோதனைக்கு உட்பட்டது' என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப். டிரைவருக்கு அடுத்த லோடு காத்திருக்கிறது. சலானை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். மழையிலும் வியர்வையிலும் நனைந்து, நான்காவது நாள் அது புழல் பட்டறைக்கு வந்து சேரும்போது கார்பன் எழுத்து பாதி மறைந்திருக்கும்.

10 லட்சம் ரூபாய்க்கான முதல் சாட்சி அந்தக் காகிதம்தான். கையெழுத்தோடு பெயர், பதவி, தேதி, கம்பெனி முத்திரை ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். டிரைவர் அங்கேயே ஃபோட்டோ எடுத்து அனுப்பிவிட வேண்டும். அன்று மாலையே அந்தப் படத்தோடு பர்ச்சேஸுக்கு ஒரு மின்னஞ்சல்: இத்தனை எண்ணம், இன்ன நேரத்தில், இன்னாரிடம் ஒப்படைத்தோம். ஸ்டோர்ஸில் அவர்கள் போடும் சரக்கு ஏற்பு ரசீதின் நகலையும் கேட்டு வாங்க வேண்டும். டிரான்ஸ்போர்ட் கம்பெனி வழியாக அனுப்பினால் எல்.ஆர். என்னும் லாரி ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்; வழியில் சரக்கு சேதமானாலோ காணாமல் போனாலோ, பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் அவர்களுக்கு எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் வழக்கே போட முடியாது என்கிறது 2007-ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம்.

சலானில் உள்ள தேதிக்கு இன்னொரு பெரிய முக்கியத்துவமும் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டத்தின்படி, குறு, சிறு நிறுவனத்திடமிருந்து சரக்கு வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், இறக்கிய நாளே சரக்கை ஏற்ற நாள். எட்டாவது மாதம் வந்து வெல்டிங் சரியில்லை என்று சொல்வதற்கு அந்தச் சட்டத்தில் மரியாதை குறைவு. ஏற்ற நாளிலிருந்து, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன காலத்துக்குள், ஆனால் எப்படிப் போனாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்து எதுவும் இல்லையென்றால் 15 நாள். ஆர்டரில் 60 நாள், 90 நாள், 120 நாள் என்று என்ன போட்டிருந்தாலும் அந்த 45-ஐத் தாண்டிச் செல்லாது.

தாண்டினால் வட்டி. ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்தால் 18 சதவீதம். 10 லட்சத்துக்கு ஓராண்டில் ஏறத்தாழ 1,95,600 ரூபாய் ஏறும். சரக்கு வாங்கியவர் இந்த வட்டியை வருமான வரிக் கணக்கில் செலவாகவும் காட்ட முடியாது. போதாததற்கு, வருமான வரிச் சட்டத்தில் 43பி (எச்) பிரிவாகச் சேர்ந்த விதி, 2023-24 நிதியாண்டுக் கணக்கிலிருந்து, காலத்துக்குள் பணம் தராத வாங்கலைப் பணம் தரும் ஆண்டு வரை செலவாகக் காட்டவும் விடுவதில்லை. இது வந்த பிறகு மார்ச் மாதத்தில் பெரிய கம்பெனிகளின் அக்கவுன்ட்ஸ் பிரிவே சப்ளையர்களைக் கூப்பிட்டு, உங்களிடம் உத்யம் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கியது.

அந்தச் சான்றிதழ்தான் திறவுகோல். ஆர்டர் வாங்கும் முன்பே பதிவு இருப்பதுதான் பாதுகாப்பு. சரக்குக் கொடுத்து, தகராறு வந்தபிறகு பதிவு செய்துகொண்டு பழைய பில்லுக்கு இந்தச் சலுகையைக் கேட்க முடியாது என்று 2021-இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 45 நாள் பாதுகாப்பு குறு, சிறு நிறுவனங்களுக்குத்தான். நடுத்தர நிறுவனங்களுக்கு இல்லை. வாங்கி விற்கும் மொத்த, சில்லறை வியாபாரிகள் 2021 முதல் உத்யமில் பதிவு செய்யலாம் என்றாலும், வங்கிக் கடன் முன்னுரிமை மட்டுமே அவர்களுக்குக் கிடைக்கும். செங்குன்றம் பக்கம் சரக்கு வாங்கி வைத்து விற்பவர்களுக்கும், புழலில் உற்பத்தி செய்து விற்பவர்களுக்கும் இந்த வேறுபாடு மிகப் பெரியது. உத்யம் எண்ணை இன்வாய்ஸிலேயே அச்சடித்துவிடுங்கள். தெரியாது என்று யாரும் சொல்ல இடம் வைக்காதீர்கள்.

வெள்ளமும் இரும்புத்தாதும்

தவறு சப்ளையர் பக்கமும் வரும். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் அடித்தபோது புழல் ஏரி உபரிநீரைத் திறந்தார்கள். மணலி, எண்ணூர் பகுதிகளில் தொழிற்பேட்டைகளுக்குள் தண்ணீர் நின்றது. அந்த வாரம் தர வேண்டிய சரக்கைத் தர முடியாதவருக்கு அபராதம் போடலாமா? ஒப்பந்தத்தில் இயற்கைச் சீற்றம் பற்றிய வரி இருந்தால் அது சொல்வதுதான் முடிவு. பெரும்பாலான வரிகள், இத்தனை நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வரும். தண்ணீர் வடிந்து, மோட்டார் காய்ந்து, எல்லாம் சரியானபிறகு மூன்றாவது வாரம் சொன்னால் சலுகை போய்விடும். வெள்ளத்தன்றே படத்தோடு ஒரு வாட்ஸ்அப்பும் மின்னஞ்சலும் அனுப்பிவிட வேண்டும்.

அப்படி ஒரு வரியே இல்லையென்றால் ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு இருக்கிறது: செய்யவே முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாததாகிவிடும். ஆனால் அந்த வாசல் மிகக் குறுகல். விலை ஏறிவிட்டது, நஷ்டம் வருகிறது என்பது காரணமாகாது. இந்தோனேசிய நிலக்கரி விலை உயர்ந்ததைக் காட்டி மின் நிறுவனங்கள் கேட்டபோது, 2017 ஏப்ரலில் எனர்ஜி வாட்ச்டாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகச் சொன்னது.

எண்ணூரிலேயே ஒரு பெரிய உதாரணம் கண்ணெதிரே நின்றது. 2006-இல் எண்ணூர்த் துறைமுகம், இன்றைய காமராஜர் துறைமுகம், இரும்புத்தாது முனையம் கட்டி 30 ஆண்டு நடத்தும் உரிமத்தைச் சிகால் குழுமத்துக்குக் கொடுத்தது. பெல்லாரித் தாது இங்கே வந்து கப்பலேறும் என்பது கணக்கு. முனையம் தயாராகும் வேளையில், 2010 ஜூலையில், கர்நாடக அரசு தாது ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 2011-இல் பெல்லாரிச் சுரங்கங்களையே உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. இரு தரப்பும் ஒப்பந்தத்தை மீறவில்லை; ஆனால் கட்டிய முனையத்துக்குச் சரக்கு இல்லை. பல ஆண்டு சும்மா கிடந்த பிறகு, அதையே நிலக்கரி கையாள மாற்றிக்கொள்ள 2016-இல் வழி செய்தார்கள். இத்தகைய இக்கட்டில் திரும்ப உட்கார்ந்து பேசித் திருத்துவதுதான் வழி. நீண்டகால ஒப்பந்தம் போடுபவர்கள், அரசுக் கொள்கை மாறினால் என்ன செய்வது என்ற பத்தியை முதல் நாளே எழுதிவைக்க வேண்டும்.

தாமதத்துக்கு வாரம் அரை சதவீதம், உச்சம் 5 அல்லது 10 சதவீதம் என்ற பிடித்தம் ஆர்டர்களில் வழக்கம். எழுதியிருப்பதாலேயே முழுத் தொகையையும் பிடித்துக்கொள்ள முடியாது. 74-ஆம் பிரிவுப்படி அது உச்ச வரம்பு. அதற்குள் நியாயமான ஈடுதான் கிடைக்கும். நஷ்டமே இல்லாத இடத்தில் ஈடு கேட்க முடியாது என்று 2015-இல் கைலாஷ்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ரேக் ஒரு வாரம் தாமதமாக வந்ததால் தொழிற்சாலைக்கு உண்மையில் என்ன போயிற்று என்று நீங்கள் கேட்கலாம்.

வசூலுக்கு உள்ள வழிகள்

வக்கீல் நோட்டீஸ் கட்டாயமில்லை என்றாலும் அதுதான் வழக்கமான தொடக்கம். சில பாக்கிகள் அதிலேயே வந்துவிடும். கையில் செக் இருந்து திரும்பியிருந்தால், வங்கி மெமோ வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், கிடைத்தபின் 15 நாள் அவகாசம், அதன்பின் ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார். இதில் நாட்கணக்கு தவறினால் நல்ல வழக்கும் தடுமாறும்.

உத்யம் பதிவுள்ள புழல் பட்டறைக்கு என் பரிந்துரை, எம்.எஸ்.எம்.இ. சட்டத்தின்கீழ் பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் வசதி மன்றம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என நான்கு மண்டல மன்றங்கள் உள்ளன. சப்ளையர் இருக்கும் இடத்து மன்றத்துக்கே அதிகாரம். வாங்கியவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும் சரி, ஆர்டரில் மும்பை நடுவர் மன்றம் என்று இருந்தாலும் சரி. எம்.எஸ்.எம்.இ. சட்டமே மேலோங்கும் என்று 2022 அக்டோபரில் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முதலில் சமரசம், முடியாவிட்டால் நடுவர் விசாரணை. சட்டம் 90 நாள் என்கிறது. நடைமுறையில் அதைத் தாண்டுவதுண்டு. ஆனால் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக வேண்டுமானால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். இழுத்தடிப்பதற்கே மேல்முறையீடு செய்யும் பழக்கத்தை இது பெருமளவு அடக்குகிறது.

மற்றவர்களுக்கு வணிக நீதிமன்றம். 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2018 திருத்தத்துக்குப் பின் 3 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள வணிக வழக்குகள் அங்கே போகும். அவசரத் தடையாணை கேட்காத வழக்கென்றால் முதலில் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகச் சமரசத்துக்குப் போய்வர வேண்டும். போகாமல் போட்டால் மனுவே தள்ளுபடியாகும் என்று 2022 ஆகஸ்ட்டில் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் தீர்ப்பானது. இதைச் சடங்காக நினைக்காதீர்கள். அங்கே எழுதும் சமரச ஒப்பந்தத்துக்கு நடுவர் தீர்ப்பின் மதிப்பு உண்டு. மீறினால் நேரே நிறைவேற்றுமனு போடலாம். எதிர்த்தரப்பு 120 நாளுக்குள் பதில் தாக்கல் செய்யாவிட்டால் பதில் சொல்லும் உரிமையே போய்விடும் என்பதும் இந்த நீதிமன்றத்தின் பெரிய பலம்.

திவால் சட்டத்தைக் காட்டி மிரட்டச் சொல்லி யோசனை சொல்பவர்கள் உண்டு. 2020 மார்ச் முதல் பாக்கி 1 கோடி ரூபாயாவது இருந்தால்தான் அங்கே போக முடியும். தரம் பற்றி முன்பே உண்மையான தகராறு இருந்தால் மனு நிற்காது. நின்று, கம்பெனி திவால் நடைமுறைக்குள் போய்விட்டால், வங்கிகளுக்குப் பின்னால்தான் சப்ளையர் நிற்க வேண்டும். சின்னப் பாக்கிக்கு அது ஏற்ற வழியில்லை.

எந்த வழி என்றாலும் காலக்கெடு ஒன்று இருக்கிறது. கடனுக்கு விற்ற சரக்கின் பணத்துக்கு, கடன் காலம் முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். நினைவூட்டல் கடிதம் எத்தனை அனுப்பினாலும் அந்தக் கெடு நீளாது. அது முடிவதற்குள் எதிர்த்தரப்பு பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும். ஆண்டுக்கொருமுறை ஆடிட்டர்கள் கேட்கும் பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் கடிதம் இந்த வேலையைச் செய்யும். உங்கள் பாக்கிப் பட்டியலில் இரண்டரை ஆண்டைத் தாண்டிய பில் ஏதாவது இருந்தால், இந்த வாரமே அந்தக் கடிதத்தை அனுப்பிக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். கொடுக்க மறுத்தால் அடுத்த வாரமே வக்கீலைப் பாருங்கள்.